குரல்நாண் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: கழுத்தில் எதைக் காக்கலாம், எதைக் காக்கக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும், குரல்வளை, டான்சில், அடிநாக்கு, கீழ்த்தொண்டை என அது தோன்றும் இடத்தைப் பொறுத்துக் கதிர்வீச்சு தரும் முறை மாறும். காக்க வேண்டிய திசுக்களும் மாறும். இங்கே பெரும்பாலும் பேசப்படுவது குரல்நாணில் தோன்றி அங்கேயே அடங்கியிருக்கும் தொடக்க நிலைப் புற்றுநோய். பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையை மட்டுமே பெற்று, குரல்வளையை இழக்காமல் பெரும்பாலோர் குணமாகும் நோய் இது. சிகிச்சை தொடங்கும் முன் நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

தொடக்க நிலை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு குரல்நாணில் மட்டும் நோய் இருந்தால் டி1ஏ என்றும், இரண்டு நாண்களிலும் இருந்தால் டி1பி என்றும், நாணுக்கு மேலோ கீழோ பரவியிருந்தாலோ நாணின் அசைவு குறைந்திருந்தாலோ டி2 என்றும் மருத்துவர்கள் குறிப்பார்கள். கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவாத இந்த நிலைகளே தொடக்க நிலை. குரல்நாணில் சிறு தடிப்பு வந்தாலும் குரல் கம்மிவிடுவதால், இந்த நோய் மற்றத் தொண்டைப் புற்றுநோய்களைவிட முன்னதாகவே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால், குறிப்பாகப் புகைப்பவராக இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையை உள்நோக்கிக் குழாய் மூலம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சாதகமும் உண்டு. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் டி1 நிலையில் கழுத்து முடிச்சுகளுக்கு நோய் பரவுவது அரிது. கழுத்து முழுவதற்கும் கதிர்வீச்சு தர வேண்டிய தேவையே இங்கு எழுவதில்லை. நல்ல திசுக்களைக் காக்கும் வேலையில் பாதி இந்த உடற்கூற்று அமைப்பினாலேயே நடந்துவிடுகிறது.

குணமாகும் நோய்தானே, பிறகு ஏன் நல்ல திசுக்களைப் பற்றி இவ்வளவு கவலை?

குணமாகும் நோய் என்பதால்தான் இந்தக் கவலை. டி1 நிலையில் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு நோய் அந்த இடத்தில் கட்டுப்பட்டுவிடுகிறது. ஐம்பத்தைந்து வயதில் சிகிச்சை பெற்ற ஒருவர் அதன் பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வாழக்கூடும். கதிர்வீச்சின் விளைவுகளில் தோல் சிவத்தல், தொண்டை எரிச்சல் போன்றவை சில வாரங்களில் ஆறிவிடும். இரத்தக் குழாய் தடிப்பது, குருத்தெலும்பு நலிவது, தைராய்டு சுரப்பு குறைவது போன்றவை பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத்தான் தலைகாட்டும். முற்றிய நோயில் இந்தப் பிந்தைய விளைவுகள் இரண்டாம் பட்சமாகிவிடுகின்றன; குணமாகி நெடுங்காலம் வாழப்போகிறவருக்கோ இவைதான் மீதி வாழ்வின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

கதிர் புற்றுநோயை மட்டும் தேடிப்போய்த் தாக்காதா?

தாக்காது. கற்றை தான் கடந்து செல்லும் வழியில் உள்ள எல்லாச் செல்களிலும் மரபணு இழைகளை உடைக்கிறது. நல்ல செல்களைக் காக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று காலம், மற்றொன்று இடம்.

மொத்த அளவையும் ஒரே நாளில் தராமல், பல தவணைகளாகப் பிரித்து நாள்தோறும் சிறிது சிறிதாகத் தந்தால், இடைப்பட்ட நேரத்தில் நல்ல செல்கள் தம் மரபணுச் சேதத்தைச் சரிசெய்துகொள்கின்றன. புற்றுச் செல்களால் அந்த அளவுக்குச் சரிசெய்துகொள்ள முடிவதில்லை. 1920களில் பாரிஸின் ரேடியம் நிறுவனத்தில் ஆன்றி கூட்டார் என்ற மருத்துவர், பல நாட்களுக்குப் பிரித்துத் தரும் எக்ஸ் கதிரால் கடும் சேதம் இல்லாமலே குரல்வளைப் புற்றுநோயைக் குணமாக்கலாம் என்று காட்டினார். இன்று உலகெங்கும் தவணை முறை வழக்கத்தில் இருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நோயில் அவர் பெற்ற வெற்றி. இரண்டாவது வழியான இடத்தைக் குறுக்குவதுதான், அதாவது கதிரை வேண்டிய இடத்தில் குவித்து வேண்டாத இடத்தில் தணிப்பதுதான், கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது.

வழக்கமான இருபக்கக் கற்றை முறையில் என்னென்ன திசுக்கள் கதிருக்குள் வருகின்றன?

கழுத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரெதிராக, ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் சதுர அளவில் இரண்டு கற்றைகளைச் செலுத்துவதே பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் உள்ள முறை. கோபால்ட் இயந்திரக் காலத்திலும் இதைத்தான் செய்தார்கள். மின்சாரத்தால் கதிரை உருவாக்கும் லினாக் இயந்திரம் வந்த பிறகும் பல மையங்களில் இதுவே தொடர்கிறது. இது மோசமான முறை அன்று. கற்றையின் பின் எல்லை முதுகெலும்பின் முன்பகுதியோடு நின்றுவிடுவதால் தண்டுவடம் தப்பிவிடுகிறது. மேல் எல்லை தாடைக்குக் கீழே நிற்பதால் வாயும் காதுப் பக்கத்து உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தப்பிவிடுகின்றன.

தப்பாதவை எவை என்றால், நோய் இல்லாத எதிர்ப்பக்கக் குரல்நாண், நாண்களை அசைக்கும் சிறு தசைகளும் அரிட்டினாய்டு குருத்தெலும்புகளும், விழுங்கு தசையின் கீழ்ப்பகுதி, தைராய்டு சுரப்பியின் ஒரு பங்கு, கழுத்தின் பக்கத் தோல், இவற்றோடு இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனிகள். குரல்வளைக்குப் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி அமைந்த இந்தத் தமனிகள் கற்றையின் நேர்வழியில் இருப்பதால், புற்றுநோய்க்குத் தரும் அளவை ஏறத்தாழ முழுமையாகவே அவையும் பெற்றுவிடுகின்றன.

கரோட்டிட் தமனிக்குக் கதிர் பட்டால் என்ன ஆகும்?

தமனியின் சுவருக்கே உணவூட்டும் நுண்குழாய்கள் கதிரால் அடைபடுகின்றன, உட்படலம் தடிக்கிறது, கொழுப்புப் படிவு வேகம் பிடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தமனி குறுகி, பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. நெதர்லாந்தில் 60 வயதுக்கு முன் தலை, கழுத்துக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சு பெற்ற 367 பேரைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பக்கவாதம் பொதுமக்களிடம் எதிர்பார்க்கப்படும் அளவைவிட 5.6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் சேர்ந்த வாய்ப்பு 12 விழுக்காடு. அவர்களில் பலர் புகைத்தவர்கள் என்பதையும், எல்லோருக்கும் குரல்நாண் நோய் இல்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். முழுப் பழியையும் கதிரின் மேல் போட முடியாது. ஆனாலும், கதிர்வீச்சு பெற்ற கழுத்தில் தமனி குறுகுவது மீண்டும் மீண்டும் பதிவாகியிருப்பதால், தவிர்க்க முடிந்த இடத்தில் அதைத் தவிர்ப்பதே முறை.

இதில் யாருக்கு ஆதாயம் அதிகம்? வயது குறைந்தவர்களுக்கும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கொழுப்பு மிகுதி, புகைப்பழக்கம் ஆகியவற்றால் தமனிகள் ஏற்கெனவே நலிந்தவர்களுக்கும். எண்பது வயதைக் கடந்த டி1 நோயாளி ஒருவருக்கு இருபக்கக் கற்றை முறையிலேயே சிகிச்சை தருவதில் தவறேதும் இல்லை என்பது என் கருத்து. தமனியைக் காக்கும் நுண்முறைக்காக (கீழே விளக்கப்படும் ஐ.எம்.ஆர்.டி.) அவரைத் தொலைதூர நகரத்துக்கு அலைக்கழிப்பதைவிட, பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு நாளும் விடாமல் சிகிச்சையை முடிப்பதே அவருக்கு நல்லது.

ஐ.எம்.ஆர்.டி. முறை தமனியை எப்படிக் காக்கிறது?

இரண்டு கற்றைகளுக்குப் பதிலாகப் பல கோணங்களிலிருந்தோ, இயந்திரம் கழுத்தைச் சுற்றி வரும்போதே இடைவிடாமலோ கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் கற்றையின் வடிவத்தையும் செறிவையும் மாற்றும் நுண்முறை இது. கற்றையின் வாயிலில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக அமைந்து, கணினி சொல்கிறபடி முன்னும் பின்னும் நகர்ந்து, தமனியை நோக்கிச் செல்லும் பங்கை மறைக்கின்றன.

திட்டமிடும் கணினித் திரையில் இதைப் பார்த்தால் எளிதில் புரியும். சி.டி. படத்தின் ஒவ்வொரு வெட்டிலும் மருத்துவர் குரல்வளையை ஒரு நிறத்திலும், இரண்டு தமனிகளைச் சிறு வட்டங்களாக இன்னொரு நிறத்திலும், தண்டுவடத்தை மற்றொரு நிறத்திலும் கைப்படக் கோடிட்டு வரைகிறார். மருத்துவ இயற்பியலாளர் கணக்கிட்டு முடித்ததும் அந்தப் படத்தின் மேல் அளவுக் கோடுகள் விழுகின்றன. இருபக்க முறையில், நோய்க்குக் குறித்த அளவில் 95 விழுக்காடு பெறும் பகுதியைச் சுற்றிய கோடு கழுத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஒரு பட்டையாக ஓடித் தமனி வட்டங்களை விழுங்கிவிடும். நுண்முறைத் திட்டத்தில் அதே கோடு குரல்வளையைச் சுற்றி முன்புறமாகக் குதிரை லாட வடிவில் வளைந்து, தமனிகளை வெளியே விட்டுவிடும். திசு பெறும் கதிரின் அளவைக் கிரே என்ற அலகால் குறிப்பார்கள். தமனி பெறும் அளவை 35 கிரேக்குக் கீழே வைப்பதைப் பல மையங்கள் இலக்காகக் கொள்கின்றன. டி1 நோயில் அதைவிடக் குறைவாகவும் கொண்டுவர முடிகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முன்பு கதிரே படாத கழுத்தின் பின்பகுதி போன்ற இடங்களில் இப்போது சிறிதளவு கதிர் பரவும். இந்தச் சிறு அளவால் பெரிய தீங்கு எதிர்பார்க்கப்படுவதில்லை. என்றாலும், நுண்முறை என்றால் வேறெங்கும் கதிரே படாது என்று எண்ணிவிடக் கூடாது.

நல்ல திசுவைக் காக்கப்போய்ப் புற்றுநோய் தப்பிவிடாதா?

கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவே முதன்மையானது. தப்பிவிடக்கூடும். கதிர் எல்லையைக் குறுக்கக் குறுக்க, குறி தவறும் ஆபத்தும் கூடும். நோய் திரும்பி வந்தால் குரல்வளையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அறுத்து எடுக்க நேரிடலாம். அப்போது காப்பாற்றிய தமனி யாருக்கும் ஆறுதலாக இருக்காது. ஆகவே நோய்க்கு முழு அளவு கிடைப்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, எஞ்சிய இடத்தில்தான் காப்பு பற்றிப் பேச வேண்டும். தமனிக்கான இலக்கும் நோய்க்கான அளவும் மோதினால், விட்டுக்கொடுக்க வேண்டியது தமனியின் இலக்குதான்.

குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம், இரண்டு குரல்நாண்களும் முன்புறம் சேரும் முற்சந்தி. மெலிந்த கழுத்துள்ளவர்களுக்கு இந்த இடம் தோலுக்கு மிக அருகில் இருக்கும். லினாக்கில் வழக்கமாகப் பயன்படும் 6 மெகாவோல்ட் கதிர் தன் முழு வலிமையை அடைவதோ தோலுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் ஆழத்தில். அதற்கு முன்னால் உள்ள திசுவுக்கு அளவு குறைந்துவிடும். பொதுவாக, தோலைக் காக்கும் இந்தத் தன்மை வரவேற்கப்படுவது. நோய் முற்சந்தியைத் தொட்டிருந்தால் அதுவே பாதகமாகிவிடும். அப்படிப்பட்டவருக்குக் கழுத்தின் முன்னால் மெழுகு போன்ற ஒரு பட்டையைப் பொருத்தி, தோலுக்கும் முழு அளவு சேரும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். தோல் சற்று அதிகமாகச் சிவக்கும், உரியும், பிறகு ஆறிவிடும். எதைக் காக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தக் கலையில் அடக்கம்.

விழுங்கும்போது குரல்வளை மேலே போகிறதே, அப்போது குறி தவறாதா?

ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் குரல்வளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேறி, ஓரிரு நொடிகளுக்குள் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. சிகிச்சை நேரத்தில் இந்த நொடிகள் மிகச் சிறு பங்கே என்பதால் மொத்த அளவு பெரிதாகக் குறைவதில்லை. திட்டமிடும் சி.டி. படம் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் கண்டிப்பாக விழுங்கக் கூடாது. அப்போது விழுங்கினால், குரல்வளை இல்லாத இடத்தில் இருப்பதாகப் படம் பதிவாகி, முழுச் சிகிச்சையும் அந்தப் பிழையின் மேல் எழுப்பப்பட்டுவிடும்.

தலையும் கழுத்தும் அசையாமல் இருக்கப் பிளாஸ்டிக் வலை முகமூடி ஒன்று செய்வார்கள். வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் அந்தத் தகடு துணிபோல் தளர்ந்துவிடும். அதை முகத்திலிருந்து தோள் வரை இழுத்துப் பொருத்தினால், சில நிமிடங்களில் ஆறி, அவரவர் முகத்தின் அச்சாக இறுகிவிடும். இளஞ்சூட்டைத் தவிர வேறு வலி இல்லை. வலைக் கண்களின் வழியே நன்றாக மூச்சு விடலாம். தாடி வைத்திருப்பவர்கள் முகமூடி செய்வதற்கு முன்பே மழித்துவிட வேண்டும். தாடியோடு செய்த முகமூடி, பிறகு மழித்தால் தளர்ந்துபோய்க் கழுத்து உள்ளே அசைய இடம் கொடுத்துவிடும். எல்லையைக் குறுக்கிய சிகிச்சையில் இதுகூடப் பொருட்படுத்த வேண்டிய விஷயம். இயந்திரத்திலேயே நாள்தோறும் சி.டி. போன்ற படம் எடுத்துக் குரல்வளை சரியான இடத்தில் இருப்பதைப் பார்த்த பிறகே கதிரைத் தொடங்கும் ஏற்பாடு இருந்தால்தான் நுண்முறையை நம்பிச் செய்ய முடியும்.

நோயுள்ள ஒரு குரல்நாணுக்கு மட்டும் கதிர் தர முடியுமா?

முடியும், டி1ஏ நோயில் சில மையங்கள் செய்தும் காட்டியிருக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் உள்ள எராஸ்மஸ் மருத்துவ மையம், ஒரு குரல்நாணுக்கு மட்டும் தவணைக்கு 3.63 கிரே வீதம் 16 தவணைகளில், மொத்தம் 58.08 கிரே கொடுத்து, 30 நோயாளிகளின் விளைவுகளை 2015இல் வெளியிட்டது. நோய் நன்கு கட்டுப்பட்டதோடு, முழுக் குரல்வளைக்கும் கதிர் பெற்ற முந்தைய நோயாளிகளைவிட இவர்களின் குரலும் மேம்பட்டிருந்தது. எதிர்ப்பக்க நாணும் அரிட்டினாய்டுகளும் தப்பியதே அதற்குக் காரணம்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஐந்தே தவணைகளில் முடிக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தவணைக்கான அளவு கூடக் கூட, குருத்தெலும்பும் சளிப்படலமும் அதைத் தாங்கும் திறன் குறையும். சிகிச்சையின்போதும் புகைப்பதை விடாதவர்களுக்கு இது ஏற்றதன்று. ஆய்வுத் திட்டத்துக்கு வெளியே, பயிற்சியும் நாள்தோறும் படம் எடுக்கும் வசதியும் இல்லாத இடத்தில், தவணைகள் குறைவு என்பதற்காக மட்டும் இதை நாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மொத்தம் எத்தனை நாள்? நடுவில் சில நாள் விட்டால் என்ன?

டி1 நோய்க்குப் பரவலாகத் தரப்படுவது தவணைக்கு 2.25 கிரே வீதம் 28 தவணைகளில் 63 கிரே. வாரம் ஐந்து நாள் கணக்கில் ஐந்தரை வாரம் ஆகும். ஜப்பானின் ஒசாகாவில் 180 டி1 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான ஆய்வில், தவணைக்கு 2 கிரே பெற்றவர்களில் 77 விழுக்காட்டினருக்கும், 2.25 கிரே பெற்றவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் ஐந்தாண்டு முடிவில் நோய் அந்த இடத்தில் கட்டுப்பட்டிருந்தது. பக்கவிளைவுகள் கூடவில்லை. பிரிட்டனில் 20 தவணைகளில் 55 கிரே தரும் வழக்கமும் உண்டு.

நடுவில் நாள் விடக் கூடாது. குரல்நாண் புற்றுநோய்ச் செல்கள் இடைவெளியில் வேகமாகப் பெருகிக்கொள்ளும். நல்ல திசு ஆற வேண்டும் என்று எண்ணித் தாமாகவே ஒரு வாரம் ஓய்வு எடுப்பவர்கள், நோய்க்கும் அதே ஓய்வைத் தந்துவிடுகிறார்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையோ இயந்திரப் பழுதோ குறுக்கிட்டால், விட்ட தவணையை எப்படி ஈடுசெய்யப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாய் வறண்டுவிடுமா? பற்களைப் பிடுங்க வேண்டுமா?

குரல்நாண் டி1 நோயில் இரண்டுக்கும் பொதுவாக இடமில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தாடையும் கதிருக்கு வெளியே இருக்கின்றன. கழுத்து முடிச்சுகளுக்கும் கதிர் தர வேண்டிய நோய்களில்தான் சிகிச்சைக்கு முன் பல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குரல்நாணுக்கு மேலேயோ டான்சிலிலோ தொடங்கிய நோய் என்றால் என்ன வேறுபாடு?

அங்கே நிணநீர்க் குழாய்கள் மிகுதி. நோய் சிறிதாகவே இருந்தாலும் கழுத்து முடிச்சுகளுக்கும் கதிர் தர வேண்டியிருக்கும். காக்க வேண்டிய பட்டியல் உடனே நீண்டுவிடும்: காதுப் பக்கத்து, தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பிகள், விழுங்கு தசைகள், வாய், தாடையெலும்பு, தண்டுவடம். காதுப் பக்கத்துச் சுரப்பி பெறும் சராசரி அளவு 26 கிரேக்குள் இருந்தால் அது மீண்டும் சுரக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். பிரிட்டனில் 94 தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ‘பார்ஸ்போர்ட்’ ஆய்வில், ஓராண்டு முடிவில் தொல்லை தரும் வாய் வறட்சி வழக்கமான முறையில் 74 விழுக்காட்டினருக்கும், ஐ.எம்.ஆர்.டி. முறையில் 38 விழுக்காட்டினருக்கும் இருந்தது. சோறு தொண்டையில் இறங்கத் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பலமுறை விழித்துக்கொண்டு வாழ்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். அதே மருத்துவக் குழுவினர் பின்னர் விழுங்கு தசைகளைக் காக்கும் ‘டார்ஸ்’ ஆய்வையும் நடத்தி, அந்தத் தசைகளுக்கான அளவைக் குறைத்தால் ஓராண்டுக்குப் பின் நோயாளிகள் எளிதாக விழுங்குவதாக 2023இல் காட்டினார்கள்.

டான்சிலில் ஒருபக்கமாக மட்டும் அடங்கிய சிறு நோய்க்கு இன்னும் எளிய வழி உண்டு. எதிர்ப்பக்கக் கழுத்தை முற்றிலும் விட்டுவிடலாம். கனடாவின் டொராண்டோவில் அவ்வாறு ஒருபக்கம் மட்டும் சிகிச்சை பெற்ற 228 பேரில் எதிர்ப்பக்கக் கழுத்தில் நோய் வந்தவர்கள் 3.5 விழுக்காட்டினர் மட்டுமே என்று 2001இல் பதிவாகியுள்ளது. நோயாளியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே இங்கு காப்பு. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

புரோட்டான் சிகிச்சை இன்னும் சிறந்ததா?

சென்னையில் 2019 முதல் புரோட்டான் மையம் இயங்குவதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. குறிப்பிட்ட ஆழத்தோடு நின்றுவிடும் கதிர் என்பது அதன் சிறப்பு. மூளையடி, குழந்தைகளின் கட்டிகள் போன்றவற்றில் அது பெரிதும் உதவும். குரல்நாண் நோயிலோ இலக்கு சிறியது, காற்றுக்கு நடுவில் இருப்பது, அசைவது. நல்ல ஐ.எம்.ஆர்.டி. திட்டத்தாலேயே தமனியைக் காக்க முடிகிற இந்த நோய்க்கு, புரோட்டானுக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை.

கதிர்வீச்சே இல்லாமல் லேசரில் முடித்துவிடலாமே?

டி1ஏ நோயில் அது சமமான மாற்று. வாய்வழியாக லேசர் கருவியைச் செலுத்தி, நோயுள்ள பகுதியை மட்டும் அகற்றிவிடலாம். தமனிக்கும் தைராய்டுக்கும் எந்தத் தீங்கும் இல்லை. பின்னால் தேவைப்பட்டால் கதிர்வீச்சு கையிருப்பில் இருக்கும். நாணின் நடுப்பகுதியில் மேலோட்டமாக இருக்கும் நோய்க்கு இது மிகவும் பொருந்தும். நாணில் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தால் குரலில் காற்று கலந்துவிடும். பின்லாந்தில் டி1ஏ நோயுள்ள ஆண்களை இரு பிரிவாகப் பிரித்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டுக்குப் பின் குரலின் ஒட்டுமொத்தத் தரம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், கதிர்வீச்சு பெற்றவர்களின் குரலில் காற்றுக் கலப்பு குறைவாகவும், குரல் கம்மலால் அன்றாட வாழ்வில் ஏற்படும் தொல்லை குறைவாகவும் இருந்தன. ஆசிரியர், ஓதுவார், வணிகர் என்று குரலை நம்பிப் பிழைப்பவர்கள் முடிவெடுக்கும் முன், அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவரிடமும் பேசுவது அவசியம்.

நல்ல திசுக்களைக் காக்க நோயாளி தன் பங்குக்கு என்ன செய்யலாம்?

புகைப்பதை முதல் தவணைக்கு முன்பே நிறுத்த வேண்டும். இதற்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது. புகை சளிப்படலம் ஆறுவதைத் தடுக்கிறது, குருத்தெலும்பு நலியும் ஆபத்தைக் கூட்டுகிறது, கதிரின் பலனையே குறைக்கிறது, காப்பாற்றி வைத்த தமனியையும் கெடுக்கிறது. புகையிலை போடுவதும் மதுவும் இதில் சேர்த்தி.

மூன்றாம் நான்காம் வாரத்தில் குரல் முன்னிலும் கம்மும். நோய் முற்றிவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். நாண் வீங்கியிருப்பதே காரணம். தேவைக்குப் பேசலாம், கத்துவதும் வேண்டாம், கிசுகிசுப்பதும் வேண்டாம், ஏனெனில் கிசுகிசுப்பும் நாணுக்குச் சுமையே. காரமும் கொதிக்கும் சூடும் தவிர்த்து, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கழுத்தில் கதிர் படும் இடத்தில் பவுடர், தைலம், சந்தனம், திருநீறு எதுவும் பூசாமல், சங்கிலி, மாலை அணியாமல், காலர் இல்லாத தளர்ந்த பருத்திச் சட்டை அணிவது நல்லது. பிளேடால் மழிப்பதைவிட மின் சவரக் கருவி பாதுகாப்பானது.

சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

தமனிகளைத் திட்டத்தில் வரைந்து அளவு கணக்கிட்டிருக்கிறார்களா, நாள்தோறும் படம் எடுத்துச் சரிபார்ப்பார்களா, நோய் முற்சந்தியைத் தொட்டிருக்கிறதா, தொட்டிருந்தால் அங்கு அளவு குறையாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். திட்டத்தைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பெரும்பாலான மருத்துவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்களும் இவற்றைக் கேட்கலாம். இருபக்கக் கற்றை முறைதான் அங்கே உண்டு என்று தெரிந்தால், உங்கள் வயதுக்கும் தமனிகளின் நிலைக்கும் அது போதுமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பின் எவற்றைக் கண்காணிக்க வேண்டும்?

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே திரும்பும் என்பதால், முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குரல்வளையை உள்நோக்கியில் பார்ப்பார்கள். பிறகு இடைவெளி கூடும். தைராய்டின் ஒரு பங்குக்குக் கதிர் பட்டிருந்தால், ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். காரணமில்லாத சோர்வும் உடல் எடை கூடுவதும் தைராய்டு குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பது தமனிக்கான தொடர் காப்பு; சில ஆண்டுகள் கழித்துக் கழுத்துத் தமனிகளை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் திடீரென வந்து சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று மாதங்களுக்குப் பிறகும் குரல்வளை வீக்கம் வடியாவிட்டால், அது கதிரின் பின்விளைவா, மீண்டும் வந்த நோயா என்று பிரித்தறிவது கடினம். திசுச் சோதனைக்காக அடிக்கடி ஆழமாகக் கிள்ளி எடுப்பதே நலிந்த குருத்தெலும்பு அழுகக் காரணமாகிவிடலாம். ஆகவே இந்த நிலையில் உள்ளவர்கள், தமக்குச் சிகிச்சை தந்த மையத்திடமே முதலில் திரும்ப வேண்டும்.

கடைசியாக, சிகிச்சைச் சுருக்கத்தையும் திட்டப் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகையிலையால் குரல்நாணில் நோய் வந்தவருக்கு வாயிலோ உணவுக்குழாயிலோ வேறொரு புற்றுநோய் பின்னாளில் வரக்கூடும். அப்போது எந்தத் திசு எத்தனை கிரே ஏற்கெனவே பெற்றிருக்கிறது என்பது தெரிந்தால்தான், மீண்டும் கதிர்வீச்சு தரலாமா, எவ்வளவு தரலாம் என்று புதிய மருத்துவரால் முடிவு செய்ய முடியும்.